பீரங்கி வெடித்தது, பாட்டு நிற்கவில்லை!

உத்திரமேரூர்ப் பக்கத்தில் உள்ள கிராமம் காவாந்தண்டலம். ஏரிப் பாசனமும் நெல் வயலும் உள்ள சீமை. மழை பெய்து ஓய்ந்த இரவில் அங்கே திண்ணையில் படுத்தால் முதலில் தவளைச் சத்தம் கேட்கும். அதற்கு மேலே கூர்மையாகக் கேட்பது சுவர்க்கோழியின் சத்தம்.

சுவர் இடுக்கில் எங்கேயோ இருந்துகொண்டு கிரீ, கிரீ என்று கத்தும். பையன்கள் விளக்கை எடுத்துக்கொண்டு தேடுவார்கள். காலடி நெருங்கியதும் சத்தம் நின்றுவிடும். திரும்பி வந்து படுத்ததும் மறுபடியும் தொடங்கும். விடியும் வரை இந்தக் கண்ணாமூச்சி நடக்கும்.

கத்துவது ஆண். அது பெண்ணைக் கூப்பிடுகிறது. இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கிறதா? கேட்டால், காது எங்கே இருக்கிறது? தவளை, மழை, காற்று, பக்கத்து வயலில் கத்தும் வேறு இனத்துப் பூச்சிகள், இத்தனைக்கும் நடுவே தன் இனத்து ஆணின் அழைப்பை மட்டும் அது எப்படிப் பிரித்து அறிகிறது?

பூச்சிக்குக் காது உண்டா என்று பார்க்க, தன் வீட்டு வாசலிலேயே பீரங்கி வெடித்துப் பார்த்தார் ஒருவர். அவர் பெயர் ழான் ஆன்ரி ஃபாபர். பிரான்சு தேசத்துக்காரர். பூச்சிகளின் வாழ்க்கையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவருக்கு ஈடாக இன்னொருவரைச் சொல்வது கடினம்.

அவ்வளவு பெரிய மனிதர், அந்தப் பீரங்கி விஷயத்தில் ஏமாந்து போனார்!

புதருக்குள் பாடியது யார்?

பிரான்சின் தென்பகுதியில், மலைப்பாங்கான சான் லெயோன் என்ற சிற்றூரில் 1823 டிசம்பரில் ஃபாபர் பிறந்தார். பெற்றோர் பரம ஏழைகள். வீட்டில் ஒரு வயிறாவது குறையட்டும் என்று குழந்தையைப் பாட்டன் பாட்டியிடம் அனுப்பிவிட்டார்கள். பாட்டன் வீடு ஒரு பட்டிக்காட்டுப் பண்ணை. சுற்றிலும் ஆடு, மாடு, புல்வெளி.

ஐந்தாறு வயது இருக்கும். ஒரு நாள் சிறுவன் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த வெளிச்சத்தை அனுபவிப்பது வாயா, கண்ணா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். வெளிச்சம் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்தான். வெளிச்சம் வந்துவிட்டது. மறுபடியும் செய்து பார்த்தான். அதே முடிவு!

அன்று இரவு தன் கண்டுபிடிப்பை வீட்டில் சொன்னான். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

இன்னொரு நாள், அந்தி நேரத்தில், புதருக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. கூட்டில் இருக்கும் குஞ்சுப் பறவையோ என்று நினைத்தான். கிட்டே போனதும் சத்தம் நின்றது. காவாந்தண்டலத்துப் பையன்கள் விளக்கோடு வீடு திரும்புகிறார்களே, அவன் அப்படித் திரும்பவில்லை. மறுநாளும் வந்து காத்திருந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். கடைசியில் கையை நீட்டிப் பிடித்தே விட்டான்.

பறவை அல்ல, ஒரு வெட்டுக்கிளி!

வெட்டுக்கிளி பாடும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானே பார்த்துத் தெரிந்துகொண்டான். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்களே என்ற பயம்!

படத்தைப் பார்த்துப் படித்த எழுத்து

ஏழு வயதில் பெற்றோரிடம் திரும்பினான். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரே ஓர் அறை. அதுவே உபாத்தியாயருக்குச் சமையலறை, படுக்கையறை எல்லாம். பாடம் நடக்கும்போது கோழிக்குஞ்சும் பன்றிக்குட்டியும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். பிள்ளைகள் எழுத்தை விட்டுவிட்டு அவற்றை வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே ஃபாபருக்கு ஓர் எழுத்தும் ஏறவில்லை.

ஒரு நாள் அவருடைய தகப்பனார் பட்டணத்திலிருந்து ஒரு படம் வாங்கி வந்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு பிராணியின் படம். கழுதை, எருது என்று வரிசையாக இருந்தது. பிராணிகள் மேல் இருந்த ஆசையில் சில நாட்களிலேயே எல்லா எழுத்துகளும் பழகிவிட்டன.

அதன் பிறகு வந்தவை கஷ்ட காலங்கள். தகப்பனார் ஊர் ஊராகப் போய்க் காப்பிக் கடை வைத்துப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. குடும்பம் சிதறியது. சிறுவன் ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். ரெயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தான். கையில் இருந்த கடைசிக் காசுக்கு ஒரு கவிதைப் புத்தகம் வாங்கினான். அன்று இரவுச் சாப்பாடு, வழியோரத் தோட்டத்தில் பறித்த திராட்சைதான்!

அவிஞான் நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. உபகாரச் சம்பளத்துக்கான பரீட்சை எழுதி அதில் இடம் பிடித்தான். 18 வயதில் கார்ப்பந்திராஸ் ஊரில் உபாத்தியாயர் உத்தியோகம் கிடைத்தது. ஆண்டுக்கு 700 பிராங்கு சம்பளம்.

அங்கே மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று நிலம் அளக்கக் கற்றுக் கொடுத்தார். கொடி நடச் சொல்லி அனுப்பினால் பையன்கள் நடுவழியில் குனிந்து எதையோ பொறுக்கி வாயில் வைத்தார்கள். என்னவென்று பார்த்தார். கூழாங்கல்லின் மேல் ஒரு வகைத் தேனீ மண்ணால் கூடு கட்டியிருந்தது. பையன்கள் வைக்கோல் துரும்பால் தேனை எடுத்து நக்கிக்கொண்டிருந்தார்கள்!

வாத்தியாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று கடையில் இருந்தது. அதன் விலை ஏறக்குறைய அவருடைய ஒரு மாதச் சம்பளம். அதையும் வாங்கிவிட்டார். அந்த மாதம் எப்படிச் சமாளித்தாரோ தெரியவில்லை. அவருக்கு 1844இல் கலியாணம் ஆயிற்று.

குளவியின் கொடுக்கு

பள்ளிக்கூட வேலையை விடாமலே இரவில் படித்து ஒவ்வொரு பட்டமாக வாங்கினார். கோர்சிகா தீவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1853இல் அவிஞான் நகருக்குத் திரும்பினார். 1855இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் அவர் கண்டுபிடித்த ஒன்று விஞ்ஞானிகளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

நம் ஊரில், குளவி கொட்டிக் கொட்டிப் புழுவையே குளவி ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மை வேறு. குளவி தன் குஞ்சுக்கு இரையாகவே புழுவையும் வண்டையும் கொண்டுபோய்க் கூட்டில் வைக்கிறது. அந்த இரை நாள் கணக்கில் அழுகாமல் இருக்கிறதே, அது எப்படி? கெடாமல் காக்கும் மருந்து ஏதோ குளவியிடம் இருக்கிறது என்று பெரிய விஞ்ஞானி ஒருவர் எழுதியிருந்தார்.

ஃபாபர் மணிக்கணக்கில் மண்ணில் படுத்துக் கவனித்தார். வண்டு சாகவே இல்லை! குளவி அதன் மார்புக்கு அடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொட்டுகிறது. கால்களை அசைக்கும் நரம்பு முடிச்சுகள் கூடியிருக்கும் இடம் அது. வண்டு உயிரோடு இருக்கும், ஆனால் அசையாது. ஃபாபர் ஒரு பேனா முள்ளில் அம்மோனியாவைத் தொட்டு அதே இடத்தில் தாமே குத்திப் பார்த்தார். வண்டு அப்படியே மரத்துப் போயிற்று.

பூச்சிக்கு நரம்பு எவ்வளவு முக்கியம் என்பதை 1855இலேயே உலகத்துக்குக் காட்டியவர் அவர். பின்னால் நடந்ததை நினைக்கும்போது இதை மறக்கக்கூடாது.

பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் பரிசு கொடுத்தது. இங்கிலாந்தில் டார்வின் அவருடைய கவனிப்பைப் பார்த்து வியந்தார். ஆனால் பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருவரும் நண்பர்கள். கருத்தில் எதிர்ப் பக்கம்.

1865இல் பட்டுப்பூச்சி நோயை ஆராய வந்த பாஸ்டர், ஃபாபரைத் தேடி வந்தார். பட்டுக்கூடு ஒன்றைக் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ கடகடவென்று ஆடுகிறதே என்று ஆச்சரியப்பட்டார். அது கூட்டுப்புழு என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை! அப்படிப்பட்டவர் பின்னர் பட்டுத் தொழிலையே காப்பாற்றினார். ஒன்றும் தெரியாமல் ஒரு வேலையில் இறங்குவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஃபாபர் வியந்தார்.

பூவைப் பற்றிப் பேசியது குற்றம்!

புகழ் வந்தது. பணம் வரவில்லை. மஞ்சிட்டி வேரிலிருந்து சாயம் எடுக்கும் முறையைத் திருத்தி, அதில் பிழைத்துக்கொள்ளலாம் என்று பல ஆண்டு பாடுபட்டார். கைகூடும் நேரத்தில் அதே சாயத்தை ஜெர்மானியர்கள் ரசாயனத்தில் செய்துவிட்டார்கள். அத்தனை உழைப்பும் வீண்.

கல்வி மந்திரி துரூயி அவர்மேல் பிரியம் வைத்திருந்தார். அவர் ஏற்பாட்டில் 1868இல் பாரிசுக்குப் போய், மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியைச் சந்தித்து விருது வாங்கினார். அதே மந்திரி, பெண்களுக்கும் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்று விரும்பினார். ஃபாபர் அவிஞானில் மாலை நேர இலவச வகுப்பு நடத்தினார். இளம்பெண்களும் வந்து கேட்டார்கள்.

பூவில் மகரந்தம் சேர்ந்து காய் உண்டாவதை ஒரு நாள் விளக்கினார். அவ்வளவுதான்! குமரிப் பெண்கள் காதில் விழக்கூடிய பேச்சா இது என்று மதவாதிகள் கொதித்தார்கள். மந்திரியும் பதவியை இழந்திருந்தார். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரிகளான இரண்டு வயதான சகோதரிகள், ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ஃபாபரிடம் எழுதி வாங்கிய பத்திரம் எதுவும் இல்லை.

பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிய நிலை. கை கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற உலகப் புகழ் பெற்ற தத்துவ ஞானி. மனைவியின் கல்லறை அவிஞானில் இருந்ததால் அங்கே வீடு வாங்கி வசித்தவர். ஃபாபரோடு செடி கொடி தேடி அலைந்த நண்பர். 3,000 பிராங்கை எந்தப் பத்திரமும் இல்லாமல் கடனாகக் கொடுத்தார். பின்னால் ஃபாபர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1870இல் ஒரான்ழ் என்ற ஊருக்குக் குடிபோனார். உத்தியோகத்தை விட்டார். பாடப் புத்தகம் எழுதிக் காலம் தள்ளினார். 1877இல் அவருடைய மகன் ழூல் 16 வயதில் இறந்தான். பூச்சிகளின் மேல் தகப்பனுக்கு இருந்த அதே ஆசை அந்தப் பிள்ளைக்கும் இருந்தது. தான் கண்டுபிடித்த புதுக் குளவிகளுக்கு அவன் பெயரையே வைத்தார் ஃபாபர்.

1879இல், 55 வயதில், செரிஞான் கிராமத்தில் ஒரு வீடும் சுமார் இரண்டரை ஏக்கர் கல்லாங்காடும் வாங்கினார். எதுவும் விளையாத தரிசு. முள்ளும் கள்ளியும் மண்டிய அந்த நிலத்தைக் கண்டு ஊரார் முகம் சுளித்தார்கள். ஃபாபருக்கோ அதுதான் சொர்க்கம். முள் இருந்தால் பூச்சி வருமே! அதே ஆண்டில் அவருடைய பூச்சி நினைவுகள் நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. 1907 வரை பத்துத் தொகுதிகள் வந்தன.

பூக்களின் கலியாணத்தைப் பற்றிப் பேசியதற்காக வீட்டை இழந்தவர், இந்தப் புது வீட்டில் பூச்சிகளின் கலியாணத்தை ஆராயத் தொடங்கினார்.

பீரங்கி வந்தது!

வாசலில் இரண்டு பெரிய மரங்கள். கோடை வந்தால் அவற்றில் சிள்வண்டுகள் கூடிவிடும். சுவர்க்கோழி இரவில் பாடும். சிள்வண்டு பகலில், உச்சி வெயிலில் பாடும். அடிவயிற்றின் பக்கத்தில் இரண்டு விறைத்த தகடுகள் உண்டு. டப்பா மூடியை விரலால் அமுக்கிவிட்டால் டிக் என்று கேட்குமே, அப்படி அவற்றைத் தசையால் இழுத்து இழுத்து விட்டுக் காதைத் துளைக்கும் சத்தம் உண்டாக்கும். காலை முதல் மாலை வரை ஓயாது. எழுதிக்கொண்டிருந்த ஃபாபருக்குத் தலை கிறுகிறுத்தது.

இது யாருக்காகப் பாடுகிறது என்று கேட்டார். பெண்ணைக் கூப்பிடத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றனவே! பக்கத்தில் இருப்பவளை நாள் முழுதும் கூவி அழைப்பானேன்? அதைக் கேட்டு அந்தப் பெண் அசைவதாகவும் காணோமே!

முதலில் சிறிய சோதனை. சிள்வண்டுக்குக் கண் கூர்மை. எதிரே போனால் பறந்துவிடும். அதன் பார்வைக்குப் படாத பின்புறத்தில் நின்றுகொண்டு பேசினார், சீட்டி அடித்தார், கை தட்டினார், கல்லோடு கல்லைத் தட்டினார். ஒரு குருவியாக இருந்தால் எப்போதோ ஓடியிருக்கும். சிள்வண்டு பாடிக்கொண்டே இருந்தது.

சரி, பெரிய சோதனை! ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் பீரங்கி வெடிகள் இரண்டை ஊராரிடமிருந்து வாங்கி வந்தார். நம் ஊரில் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போடுவதில்லையா, அது மாதிரி. பெரிய பண்டிகைக்குப் போடும் அளவுக்கு மருந்து கெட்டித்தார்கள். கண்ணாடி உடையாமல் இருக்க ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். பீரங்கிகள் மரத்தடியில் நின்றன. மேலே கிளைகளில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது.

ஆறு பேர் காத்து நின்றார்கள். எத்தனை பூச்சிகள் பாடுகின்றன, பாட்டின் வேகம் என்ன, சுருதி என்ன என்று ஒவ்வொருவரும் மனத்தில் குறித்துக்கொண்டார்கள்.

இடி இடித்தது போல் பீரங்கி வெடித்தது!

மேலே ஒரு சலனமும் இல்லை. பாட்டின் வேகம் மாறவில்லை. சுருதி மாறவில்லை. இரண்டாவது பீரங்கியும் வெடித்தது. அப்போதும் அதே கதைதான்.

சிள்வண்டு செவிடு, அல்லது ஏறக்குறையச் செவிடு என்று ஃபாபர் தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் அது பாடுவது பெண்ணுக்காக இருக்க முடியாது. உயிரோடு இருக்கும் மகிழ்ச்சியில் பாடுகிறதோ என்னவோ என்று எழுதினார். 1897இல் வெளிவந்த ஐந்தாம் தொகுதியில் இது இருக்கிறது.

நள்ளிரவு விருந்தாளிகள்

ஏழாம் தொகுதியில் வேறொரு கதை வருகிறது. மே மாதம் 6ஆம் தேதி காலை, மயில் கண் போன்ற புள்ளிகள் கொண்ட பெரிய அந்துப்பூச்சி ஒன்று அவருடைய ஆராய்ச்சி அறையில் கூட்டை உடைத்து வெளியே வந்தது. பெண் பூச்சி. அதைக் கம்பிவலைக் கூண்டு போட்டு மூடி வைத்தார்.

இரவு ஒன்பது மணி. பக்கத்து அறையில் ஒரே அமளி. சின்னப் பையன் பால் அரைகுறை ஆடையோடு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறான். பறவை அளவுக்குப் பெரிய பூச்சிகள் அறை முழுதும் பறப்பதாகக் கத்துகிறான். சமையலறையில் வேலைக்காரப் பெண், வௌவால் என்று நினைத்து முந்தானையால் விரட்டுகிறாள். ஃபாபர் மெழுகுவர்த்தியோடு ஆராய்ச்சி அறைக்குள் போனார். கூண்டைச் சுற்றி ஆண் பூச்சிகள் படபடவென்று மோதிக்கொண்டிருந்தன. அன்று மட்டும் சுமார் 40. எட்டு இரவுகளில் மொத்தம் 150!

பெண் பூச்சி எந்தச் சத்தமும் போடவில்லை. பின் யார் கூப்பிட்டது?

வாசனையா என்று சந்தேகித்தார். அறை முழுதும் நாப்தலீன் உருண்டையின் நெடியைப் பரப்பினார். மனிதர்களுக்கு மூக்கை அடைத்தது. ஆண் பூச்சிகள் வழி தவறாமல் வந்தன! பெண்ணைக் கண்ணாடிக்குள் காற்றுப் புகாமல் மூடினால் மட்டும் ஒன்றும் வரவில்லை. பிறகு இன்னோர் இனத்துப் பெண் பூச்சி உட்கார்ந்திருந்த குச்சியை ஒரு பக்கம் வைத்தார். அந்தப் பெண்ணையே கண்ணாடிக்குள் இன்னொரு பக்கம் வைத்தார். வந்த ஆண்களெல்லாம் பெண்ணை விட்டுவிட்டு வெறும் குச்சியை மொய்த்தன. கண்ணுக்கு எதிரே இருப்பவள் வேண்டாமாம்; அவள் உட்கார்ந்த இடம் போதுமாம்! ஆக, வாசனைதான்.

அந்த ஆண் பூச்சிக்கு நாப்தலீன் நெடி ஒரு பொருட்டே இல்லை. அதன் உணர்கொம்பில் உள்ள நரம்பணுக்கள் பெரும்பாலும் பெண்ணின் வாசனைக்கென்றே அமைந்தவை. காஞ்சிபுரத்துச் சேலைக்கு நூல் கொடுக்கும் பட்டுப்பூச்சியிடம் இதைப் பின்னால் உறுதி செய்தார்கள். ஜெர்மானிய விஞ்ஞானி புட்டெனாண்ட் 1959இல், சுமார் ஐந்து லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அந்த வாசனைப் பொருளைத் துளியளவு பிரித்தெடுத்தார். அதன் ஒரே ஒரு மூலக்கூறு பட்டாலே ஆணின் நரம்பணு துடிக்கிறது.

மூக்கு விஷயத்தில் நாப்தலீன் எப்படியோ, காது விஷயத்தில் பீரங்கியும் அப்படித்தான் இருக்கலாமே! இந்த யோசனை ஃபாபருக்குத் தோன்றவில்லை. சாவி கையில் இருந்தது, பூட்டைத்தான் மறந்துவிட்டார்.

வாசலில் ஜனாதிபதி

வயது ஏறியது. முதல் மனைவி 1885இல் இறந்தார். 1887இல் மறுமணம் செய்துகொண்டார். புத்தகங்கள் சரியாக விற்கவில்லை. வறுமை விடவில்லை. 1910 ஏப்ரலில் நண்பர்கள் விழா எடுத்த பிறகுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கஷ்டத்தைப் பத்திரிகையில் படித்தவர்கள் தபாலில் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கே அதைத் திருப்பி அனுப்பினார் கிழவர்.

1913இல் பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே செரிஞானுக்கு நேரில் வந்து மரியாதை செலுத்தினார். 1915 அக்டோபர் 11ஆம் தேதி, 91 வயதில் ஃபாபர் காலமானார்.

டெலிபோனில் வந்த மாப்பிள்ளை

ஜனாதிபதி வந்த அதே 1913இல், ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இன்னொரு பள்ளி ஆசிரியர் ஒரு வேடிக்கை செய்தார். ரேகன் என்பது அவர் பெயர். சுவர்க்கோழி இனத்து ஆண் ஒன்றை டெலிபோனின் பேசும் கருவி முன்னால் பாட வைத்தார். கம்பியின் மறுமுனை வேறோர் அறையில் இருந்தது. அங்கே ஒரு பெண் சுவர்க்கோழியை விட்டார். அது நேராக டெலிபோனின் கேட்கும் குழாயைத் தேடி நடந்தது!

அங்கே ஆண் இல்லை. வாசனை இல்லை. பார்க்க ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும்தான் இருந்தது. பூச்சிக்குக் காது கேட்கும் என்பது உறுதியாயிற்று.

சுவர்க்கோழியின் காது தலையில் இல்லை. முன்னங்கால்களில், முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. கடுகைவிடச் சிறிய தோல் பறை. அங்கிருந்து செய்தியை நரம்பணுக்கள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. மூளை என்றால் குண்டூசித் தலை அளவுதான். அதை வைத்துக்கொண்டு தன் இனத்தின் பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நம் நாட்டிலும் காணப்படும் கறுப்பு வயல் சுவர்க்கோழியை வைத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2015இல் விடை சொன்னார்கள். அந்த ஆண் கத்தும் ஒவ்வொரு கிரீயும் உண்மையில் மூன்று நான்கு துடிப்புகள். ஒரு விநாடியை 50 பங்காக்கினால், ஒரு பங்கு நேரம் சத்தம், அடுத்த பங்கு நேரம் மௌனம். மறுபடி சத்தம், மறுபடி மௌனம். தவில்காரர் கணக்கு மாதிரி பிசகாது.

பெண்ணின் மூளையில் இதைப் பிரித்தறியும் வேலையை ஐந்தே நரம்பணுக்கள் கவனிக்கின்றன. ஒரு செய்தியை இரண்டு ஆட்களிடம் கொடுத்து அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் குறுக்கு வரப்பில் நேராக ஓடுகிறான். இன்னொருவன் ஏரிக்கரையைச் சுற்றி வருகிறான். அவனுக்கு 25இல் ஒரு பங்கு விநாடி தாமதமாகிறது. முதல் துடிப்பின் செய்தி சுற்று வழியில் வந்து சேரும் அதே நொடியில், இரண்டாம் துடிப்பின் செய்தி நேர் வழியில் வந்து சேருகிறது. வாசலில் இருக்கும் காவல்காரன், இருவரும் சேர்ந்து வந்தால்தான் மணி அடிப்பான்.

வேறு இனத்தின் பாட்டு கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ இருக்கும். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மணி அடிக்காது. பெண்ணும் அசையாது.

அந்தத் தாமதம் உண்டாகும் விதம் இன்னும் அழகானது. ஒரு நரம்பணு இன்னொன்றை அமுக்கி வைக்கிறது. வளைத்த மூங்கிலை விட்டதும் துள்ளுமே, அது போல, அமுக்கம் நீங்கியதும் இரண்டாவது துள்ளுகிறது. அமுங்கித் துள்ளுவதற்கு ஆகும் நேரம்தான் ஏரிக்கரைச் சுற்று!

கிளையில் இருந்த இன்னொருத்தி

சிள்வண்டின் வழக்கு என்னவாயிற்று?

அதன் வயிற்றுக்கு அடியில், மூடிக்குக் கீழே, சோப்புக் குமிழி போல வானவில் நிறத்தில் பளபளக்கும் மெல்லிய தோல் இரண்டு உண்டு. கண்ணாடி என்று அதற்குப் பெயர். ஃபாபர் அதை வெட்டிப் பார்த்து விவரமாக எழுதியிருக்கிறார். அது பாட்டுக் கருவியின் ஒரு பாகம் என்று நினைத்தார். 1923இல் ஃபோகல் என்ற ஜெர்மானியர், அந்தத் தோலோடு சேர்ந்த நரம்பு உறுப்பைக் கண்டுபிடித்தார். அந்தக் கண்ணாடிதான் சிள்வண்டின் காதுப் பறை! ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. செவிடு என்று தீர்ப்புச் சொன்னவர், அதன் காதையே விரல் நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

பிரிங்கிள் என்ற ஆங்கில விஞ்ஞானி இலங்கையின் சிள்வண்டுகளை ஆராய்ந்து 1954இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண் சிள்வண்டு பாடும்போது ஒரு தசை அதன் காதுப் பறையைத் தளர்த்தி மடித்துவிடுகிறது என்று அதில் காட்டினார். தன் சத்தமே தன் காதைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா! வேறு நாட்டு இனங்களிலும் இதைப் பின்னர் கண்டார்கள். பாட்டு நிற்கும்போது பறை மறுபடி விறைத்துக்கொள்ளும். அது போக, பீரங்கிச் சத்தத்தில் பெரும்பங்கு தடித்த முழக்கம். சிள்வண்டின் காது நன்றாகக் கேட்பதோ தன் இனத்தின் கீச்சுக் குரலை.

அன்று செரிஞானில் மரத்தடியில் நின்ற ஆறு பேரும் எண்ணியது பாடுகிறவர்களை. பாடுவது ஆண் மட்டும்தான். அதுவும் காதை மடித்துக்கொண்டு பாடுகிறது. பெண்ணுக்குப் பாட்டுக் கிடையாது, காது மட்டும் உண்டு. அதே கிளைகளில் ஆண்களுக்கு நடுவே பெண்களும் உட்கார்ந்திருந்தன. பீரங்கி வெடித்தபோது அவை என்ன செய்தன என்று யாரும் பார்க்கவில்லை.